மறுமொழி: யூதர்களின் ‘கிம்பெட்செட்டல்’, தமிழில் என்ன?

> பிள்ளைத் தாயத்து என்றே வைத்துவிடலாமே?

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. தாயத்து என்றால் கழுத்திலோ இடுப்பிலோ கட்டுவது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிம்பெட்செட்டல் குழந்தையின் உடம்பில் படுவதே இல்லை. அது ஒரு தாள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில், சுவரிலும் கட்டிலுக்கு மேலும் மாட்டுவார்கள். பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோக வரும் லிலித் என்ற பேய்ப்பெண் உள்ளே நுழையக் கூடாது, அதற்குத்தான். ஆண் குழந்தை என்றால் எட்டாம் நாள் விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் சடங்கு) முடியும்வரை பயம் அதிகம். அதற்கு முந்தைய இரவு கண்விழித்துக் காவல் இருக்கும் வழக்கமும் உண்டு.

தாளில் பெரும்பாலும் பைபிளின் 121ஆம் சங்கீதம் என்ற துதிப்பாடல் இருக்கும். ஆதாம், ஏவாள் பெயர்களை எழுதி, ‘லிலித்துக்கு இடமில்லை’ என்று பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். செனோய், சன்செனோய், செமங்கெலோஃப் என்று மூன்று தேவதூதர்களின் பெயர்களும் வரும். சூனியக்காரியை உயிரோடு விடாதே என்ற பைபிளின் யாத்திராகம வசனம் எபிரேயத்தில் மூன்றே சொல். அதை முன்பின்னாக மாற்றி ஆறு வரிசையிலும் எழுதியிருப்பார்கள். 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ராசியேல் என்ற யூத மந்திர நூலில் அந்த மூன்று தூதர்களும் கோட்டுருவமாக நிற்கிறார்கள். பார்த்தால் குழந்தை கிறுக்கிய பறவைகள் மாதிரிதான் இருக்கும்!

தாயத்து என்ற சொல் ‘கமேயா’வுக்குத் தேவைப்படும். அது உடம்பில் அணிவது. வெளியே எதையும் எடுத்துப்போகக் கூடாத ஓய்வுநாளிலும், மூன்று முறை பலித்த கமேயாவை அணிந்து போகலாம் என்று யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் விவாதம் இருக்கிறது. 1751இல் ஜெர்மனியின் ஆல்டோனாவில் ரபி (யூத மதகுரு) ஐபெஷூட்ஸ் எழுதிக்கொடுத்தவற்றைப் பிரித்துப் படித்து, தன்னையே மேசியா என்று சொல்லிக்கொண்ட சப்பத்தாய் செவியின் பெயர் ஒளிந்திருக்கிறது என்று பெரும் சண்டை மூண்டதும் கமேயாவால்தான்.

ஆகவே என் பரிந்துரை:
கமேயா – தாயத்து
கிம்பெட்செட்டல் – பேறுகாலக் காப்புத்தாள்

‘கிம்பெட்’ என்பதே பேறுகாலப் படுக்கைதான். ‘பிள்ளை’ என்று போட்டால் தாய் விட்டுப்போகிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காவல்.

---

> பேறுகாலக் காப்புத்தாள்

எனக்குச் சம்மதம். ‘காப்புச்சீட்டு’ என்று யாராவது மாற்றாமல் இருந்தால் சரி. இன்சூரன்ஸ் பாலிசி என்று நினைத்துவிடுவார்கள். இன்னொன்று. இப்போது மகப்பேறு வார்டிலும் தொட்டிலிலும் 121ஆம் சங்கீதத்தை மட்டும் அச்சிட்ட அட்டையை வைக்கிறார்களே, லிலித் பேச்சே இல்லாமல்? அதையும் இதிலேயே அடக்குவதா, ‘சங்கீத அட்டை’ என்று தனிப் பதிவு போடுவதா? தனியாகப் போடலாம் என்பது என் எண்ணம்.