கணினி நிராகரித்தால் பொறுப்பு யாருடையது?

மண்டபம் வாசகர்:
ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்திற்கான நிவாரணம் கேட்டு, விசைப்படகில் கூலிக்குச் செல்லும் என் அப்பா அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் அவர் பெயரில் ஓர் எழுத்து வேறுபடுகிறது. அதுதான் காரணமென ஊகிக்கிறேன். அலுவலரோ திரையைத் திருப்பிக் காட்டி, "சிஸ்டம் ஏற்கவில்லை" என்றதோடு முடித்துக்கொண்டார். நாளை செயற்கை நுண்ணறிவே இத்தகைய முடிவுகளைத் தானாக எடுக்குமானால், யாரிடம் முறையிடுவது?

தொண்டி வாசகர்:
ஐயா, சிஸ்டத்திற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப முடியாது. கையெழுத்திடும் அதிகாரிக்கு அனுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையை அலுவலகத்தின்மீது சுமத்துகிறது. மனுச் செய்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கீழக்கரை வாசகர்:
காரணம் தெரிந்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோர் மோசடியாளர்களெனத் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஆபத்தை மதிப்பிடும் மென்பொருளுக்கும் அதில் பங்கிருந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது, ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் கடனில் மூழ்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரசு உதவிக்கான தகுதியை மதிப்பிடும் கருவிகளை உயர் ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, அவற்றின் முடிவைப் புறக்கணிக்கும் அதிகாரம் ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும் என்கிறது. நம் அலுவலகங்களில் அந்த மனிதர் யார்?

மண்டபம் வாசகர்:
நன்றி ஐயா. மனுவை இன்றிரவே எழுதுகிறேன். நிராகரிப்பை மாற்றும் அதிகாரம் எந்தப் பதவிக்கு உண்டு என்பதையே முதற்கேள்வியாக வைக்கிறேன்.