வளைஞ்ச சாண்ட்விச் பேனலுக்கு உள்ள எந்த லேட்டிஸ் போடுறது? (படகு மூடி, 3டி பிரிண்ட்)

மெரபேங்க்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம், டர்பன்ல இருந்து எழுதுறேன். பெரியப்பாவோட ஸ்கீபோட்ல (மீன் பிடிக்கிற சின்ன மோட்டார் படகு) இரைப்பெட்டி மேல இருந்த ஃபைபர் மூடி ஒடஞ்சு போச்சு, அதையே ஏஎஸ்ஏங்கிற பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் பண்ணேன். கூன் மாதிரி வளைஞ்ச மூடி, ஆரம் 200 மிமீ, அகலம் 260, இன்னொரு பக்கம் 200, கனம் கிட்டத்தட்ட 20. மேலயும் கீழயும் 1.2 மிமீ ஸ்கின் (தோல் மாதிரி மெல்லிசு தகடு), நடுவுல கோரா பிசிசி லேட்டிஸ், அதாவது குட்டிக் குட்டிக் கட்டமா (செல்) அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தோட நடுவுல இருந்தும் எட்டு மூலைக்கும் கம்பி ஓடுற பின்னல், கம்பி 1.2 மிமீ. பாலம் மாதிரி கவுத்து வச்சு பிரிண்ட் அடிச்சேன். பெரியப்பா ஒரு தடவ கால வச்சு ஏறினாரு, மேல ஒண்ணும் ஆகல, ஆனா உள் பக்க ஸ்கின் தனியா கழண்டு வந்துருச்சு. அறுத்துப் பாத்தா ரெண்டு ஓரத்துலயும் கம்பியெல்லாம் சேமியா மாதிரி தொங்குது, நடுவுல மட்டும் ஒழுங்கா இருக்கு. கம்பிய தடிமனாக்கணுமா இல்ல வேற லேட்டிஸ் போடணுமா? ஜூன்ல சார்டின் மீன் கூட்டம் ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.

டொங்காட்_அண்ணன்:
தம்பி, ஓரத்துல தொங்கினதுக்குக் காரணம் நீ வச்ச விதம். பிசிசில கம்பி தரையில இருந்து 35 டிகிரிதான் நிக்கும், 45க்கு கீழ சாஞ்சா அடியில தாங்கல் இல்லாம பிரிண்ட் ஆகறது கஷ்டம், அதனால நடுவுலயே அது கஷ்டம்தான், உன் மூடி ஓரத்துல 40 டிகிரி சாயுது, அங்க பாதி கம்பி கிட்டத்தட்ட படுத்தே போயிருக்கும், காத்துல பிளாஸ்டிக் ஊத்தின கதைதான். உள்ள சப்போர்ட் போட்டாலும் மூடின பெட்டிக்குள்ள இருந்து எப்படி எடுப்ப? அதனால மூடிய செங்குத்தா நிறுத்து, வளைவு மேல இருந்து பாத்தா பிறை மாதிரி தெரியணும். அப்ப வளைவு நெடுக எந்த எடத்துலயும் செல்லோட சாய்வு மாறவே மாறாது. இன்னொரு லாபம், வளைவு போற திசையில வர்ற இழுவை லேயருக்குள்ளயே ஓடும், லேயருக்கும் லேயருக்கும் நடுவுல இருக்கிற ஒட்ட நம்ப வேண்டியதில்ல.

கணக்குப்பிள்ளை:
அண்ணே சொன்னது சரி, ஆனா உள் ஸ்கின் கழண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, தட்டையான பேனல்ல இது வரவே வராது. வளைஞ்சு கிடக்கிற கயித்த ரெண்டு முனையிலயும் இழுத்தா நேராகத்தானே பாக்கும்? கூன் மேல கால வச்சா உள் ஸ்கின் இழுபடும், அது நேராகி கோர விட்டு கீழ வரப் பாக்கும், மேல் ஸ்கின் அமுங்கி வெளிய பிதுங்கப் பாக்கும். ஆக கோர் ரெண்டு பக்கமும் பிச்சு இழுக்கப்படுது. 90 கிலோ ஆள் நடுவுல நின்னா, சுமாரா 900 நியூட்டன், ஓரத்துல மட்டும் தாங்குற மூடினு வச்சுக்கிட்டா கோர்ல ஷியர் (ரெண்டு ஸ்கின்னும் எதிரெதிரா வழுக்கப் பாக்குற அழுத்தம்) 0.125 மெகாபாஸ்கல், இந்தப் பிரிக்கிற இழுவை 0.08. பாக்க சின்ன நம்பர், ஆனா கோர்ல பெரும்பகுதி காத்துதான், அந்த இழுவை முழுக்க அந்த ஒல்லிக் கம்பிங்க தலையில விழுது. படகு அலையில எகிறும்போது மூணு மடங்காவது வச்சுக்கணும். ஸ்கின்னையும் 2 மிமீ ஆக்கிடு, இப்ப இருக்கிற 1.2ல சும்மா நின்னாலே ஸ்கின்ல இழுவை 13 மெகாபாஸ்கல்கிட்ட வருது, 2 ஆக்கினா 8 ஆயிடும்.

டொங்காட்_அண்ணன்:
அதுக்காக ஸ்கின்னுக்கு ஸ்கின் நேர் கம்பி போடலாம்னு நெனைக்காத தம்பி, நிறுத்தி அடிக்கும்போது அந்தக் கம்பி படுத்துக்கும். ஜைராய்டு போடு. 1970ல நாசால ஆலன் ஷோன்ங்கிறவரு எழுதின வளைபரப்பு, கம்பியே கிடையாது, எல்லாமே வளைஞ்ச சுவர், எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் பெரும்பாலும் தன்னத்தானே தாங்கிக்கும். செல் 9 மிமீ, சுவர் 0.45 மிமீன்னு வச்சா நாசில் ஒரே கோட்டுல ஓடும், அடர்த்தி கிட்டத்தட்ட 15 சதம், உன் கனத்துக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டு செல் உக்காரும். கம்பின்னா லேயருக்கு லேயர் ஒரு பொட்டு வச்சு தாண்டித் தாண்டி போகணும், நாசில் நிக்கிற ஒவ்வொரு எடமும் பலவீனம்.

மெரபேங்க்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. ஜைராய்ட வளைவுக்கு ஏத்த மாதிரி வளைக்கணுமா? இல்ல ஸ்லைசர் (பிரிண்டருக்கு மாடல லேயரா வெட்டிக் குடுக்கற சாஃப்ட்வேர்) தானா குடுக்கற இன்ஃபில்லே, அதான் உள் நிரப்பே போதுமா?

கணக்குப்பிள்ளை:
பிசிசின்னா வளைச்சே ஆகணும், நேரா வச்சு வெட்டினா ஸ்கின் பக்கத்துல பாதிக் கம்பி அந்தரத்துல நிக்கும். ஜைராய்டு சுவர்ங்கறதால எங்க வெட்டினாலும் ஒரு கோடா ஸ்கின்ல ஒட்டிக்கும், எல்லாத் திசையிலயும் கிட்டத்தட்ட ஒரே பலம் வேற. உன் வேலைக்கு ஸ்லைசர் இன்ஃபில் போதும். வளைக்கணும்னா ஜைராய்டு சமன்பாட்டுல எக்ஸுக்குப் பதிலா ஆரம், ஒய்க்குப் பதிலா கோணத்த (ரேடியன்ல) 200ஆல பெருக்கிப் போடு, உள்ளுக்கும் வெளிக்கும் செல் அளவு 10 சதம்தான் மாறும்.

மூடி திறந்து மூடுற கீலோட ஸ்க்ரூ போற எடத்துல மட்டும் சுத்தி 12 மிமீக்கு கெட்டியா நெரப்பிடு, மறந்துடாத. ஸ்கின்ல ஓட்டை போட்டு நேரா கோருக்குள்ள ஸ்க்ரூ முறுக்கினா அந்த வழியாவே கடத்தண்ணி ஏறும். ஜைராய்டு உள்ள இருக்கிற எடத்த ரெண்டா பிரிச்சுடும், ஒண்ணுல புகுந்த தண்ணி அது பூராவும் சுத்தும்.

மெரபேங்க்_தம்பி:
ஸ்க்ரூ விஷயம் எனக்குத் தோணவே இல்ல, பழைய மூடியில நேராத்தான் முறுக்கி இருந்தேன். இப்ப 80 மிமீ துண்டு ஒண்ணு நிறுத்தி ஓடிட்டு இருக்கு, டர்பன் ஈரத்துக்கு நேத்து ராத்திரியே ஃபிலமென்ட காய வச்சுட்டேன். 30 மிமீ உயரம் வந்துருக்கு, மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், ரெண்டு ஸ்கின்லயும் சுவர் நல்லாப் பிடிச்சிருக்கு, ஒரு எடத்துலயும் தொங்கல. ஆறினதும் கூன் மேல இருக்கற மாதிரி வச்சு ஏறி நின்னுட்டு சொல்றேன்.