ஊர் நகரத்து இருபது கட்டப் பலகை: விதிகள் குறித்து உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகள் விளையாடிப் பார்ப்பதற்காக, மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ (Ur) என்னும் பண்டைய நகரத்து அரச கல்லறைகளில் தொல்லியலாளர் லியோனார்டு வூலி 1920களில் கண்டெடுத்த இருபது கட்ட விளையாட்டுப் பலகையை மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையுள்ள அந்தப் பலகையுடன் விதிகள் எவையும் கிடைக்கவில்லை. பொ.ஆ.மு. 177ஆம் ஆண்டளவில் இவ்விளையாட்டைப் பற்றிப் பாபிலோனில் எழுதப்பட்ட களிமண் ஏடு ஒன்றை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் படித்தறிந்து தந்த விளக்கமே இன்றைய விதிகளுக்கு அடிப்படை. இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதால், காய்கள் செல்லும் பாதை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நடு வரிசையின் முடிவில் தன் பக்கமே திரும்பி வெளியேறும் குறுகிய பாதை, எதிராளியின் பக்கத்து முனைக் கட்டங்களையும் சுற்றிவரும் நீண்ட பாதை ஆகிய இரண்டையும் ஆடிப் பார்த்தவர்கள், பத்து வயதுக் குழந்தைகளுக்கு எது பொருந்தும் என்று கூற வேண்டுகிறேன்.

ஊர் நகரத்தில் கிடைத்த நான்முகப் பகடையின் நான்கு முனைகளில் இரண்டு மட்டுமே குறியிடப்பட்டவை; குறி விழுவதும் விழாததும் சமவாய்ப்பு என்பதால், தாய விளையாட்டுக்குப் பயன்படுத்துவதுபோல் ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டைகளையே வைக்க எண்ணுகிறேன். இருபுறமும் சமமாக விழும்படி எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான வேண்டுகோள் ஒன்று உண்டு. இதையொத்த விளையாட்டு கொச்சி யூதர்களிடையே 20ஆம் நூற்றாண்டிலும் ஆடப்பட்டதை ஃபிங்கல் பதிவு செய்துள்ளார். அத்தகைய பலகையின் ஒளிப்படமோ, ஆடியவர்களின் நினைவுக் குறிப்போ எவரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து இங்கே பகிருங்கள்.