பட்டன் அமுக்குனா ஃபேன் அரை சுத்து சுத்தி நின்னுடுது, கம்ப்யூட்டர் ஆன் ஆகல, யாராச்சும் சொல்லுங்க

மொட்டைமாடி:
வணக்கம் மக்களே. வீட்டு டெஸ்க்டாப் நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. ராத்திரி கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு, லைட்டெல்லாம் ஒரு தடவ பளிச்சுனு எரிஞ்சு அடங்குச்சு, அதுல இருந்து இது ஆன் ஆகல. சுத்தமா செத்துப்போச்சுன்னும் சொல்ல முடியல, பட்டன அமுக்குனா ஃபேன் அரை சுத்து சுத்துது, உள்ள டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான் நின்னுடுது. திரும்ப அமுக்குனா அந்த அரை சுத்துகூட கிடையாது, பின்னாடி இருக்க சுவிட்ச ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு போட்டா மறுபடி ஒரு அரை சுத்து. மானிட்டர்ல ஒண்ணுமே வரல, பீப்பும் இல்ல.

உள்ள இருக்கறது: ஒரு சாட்டா எஸ்எஸ்டி (விண்டோஸ் அதுலதான்), ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு, ரேம் ரெண்டு. கம்ப்யூட்டர் போனாக்கூட பரவால்ல, ஹார்ட் டிஸ்க்ல வீட்டு போட்டோ மொத்தமும் இருக்கு, வேற காப்பி கிடையாது. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

தட்டச்சு:
ரேம் தான் ப்ரோ. 90 சதவீதம் ரேம் தான். கழட்டி தங்கக்கலர் கால்களை பென்சில் ரப்பர் வெச்சு தேய்ச்சு மாட்டுங்க, ஓடும்.

நீலத்திரை:
கரண்ட் போனப்ப விண்டோஸ் ஃபைல் கரப்ட் ஆயிருக்கும். பென்டிரைவ்ல விண்டோஸ் போட்டு ரிப்பேர் பண்ணி பாருங்க.

மொட்டைமாடி:
@தட்டச்சு ரேம் ரெண்டையும் கழட்டி தேய்ச்சு மாட்டிட்டேன், ஒண்ணு ஒண்ணாவும் போட்டு பாத்துட்டேன், அதே அரை சுத்து தான். @நீலத்திரை பென்டிரைவ் போடறதுக்கு ஸ்கிரீன்ல ஏதாச்சும் வரணுமே 😭

வயர்மேன்:
கொஞ்சம் பொறுங்க, அவங்க எழுதுனத முழுசா படிச்சுட்டு சொல்லுவோம். ரேம் சரியில்லன்னா பொதுவா ஃபேன் பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும், ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது, இல்லன்னா பீப் அடிக்கும், சில போர்டு தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும். விண்டோஸ் கெட்டிருந்தா குறைஞ்சபட்சம் போர்டு கம்பெனி லோகோவாவது வந்துருக்கும். இங்க அதுக்கெல்லாம் முன்னாடியே நின்னுடுது.

இதுல பெரிய துப்பு அவங்க ரெண்டாவதா சொன்னதுதான். ஒரு தடவ நின்னதுக்கு அப்பறம் பின்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணி போட்டாதான் திரும்ப அசையுது. அது எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரண்ட மாத்தி உள்ள எல்லாத்துக்கும் குடுக்கற டப்பா) தன்னைத்தானே பூட்டிக்கறது. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட்னு அது குடுக்கற லைன்ல எதாச்சும் ஒண்ணு தரையோட (கிரவுண்டு, கருப்பு வயர்) நேரா ஒட்டி ஷார்ட் ஆயிருந்தா, ஆன் ஆன அடுத்த நொடியே அது தெரிஞ்சு எஸ்எம்பிஎஸ் கட் பண்ணிடும். பல எஸ்எம்பிஎஸ்ல மெயின் கரண்ட எடுத்து விட்டாதான் அந்த பூட்டு விலகும். அதனால கேள்வி "எது கெட்டுச்சு"ன்றத விட "எது ஷார்ட் ஆயிருக்கு"ன்றதுதான், எஸ்எம்பிஎஸ் தானே கெட்டிருக்கவும் சான்ஸ் இருக்கு, அத கடைசியா பாப்போம்.

பண்ண வேண்டியது: மெயின் ப்ளக்க உருவிடுங்க. பவர் பட்டன ஒரு 30 செகண்ட் அமுக்கி பிடிங்க, மிச்சம் நிக்கற சார்ஜ் போயிடும். கேபினெட்டோட இரும்ப ஒரு தடவ தொட்டுட்டு வேலய ஆரம்பிங்க. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், டிவிடி இருந்தா அது, எல்லாத்தோட பவர் வயரையும் உருவுங்க. முன்பக்க யுஎஸ்பி வயர போர்டுல இருந்து உருவுங்க, அந்த போர்ட்டுக்குள்ள கம்பி வளைஞ்சு தகரத்துல ஒட்டிக்கிட்டு இதே மாதிரி ஆட்டம் காட்டறதுண்டு. கிராபிக்ஸ் கார்டையும் கழட்டுங்க. போர்டு, ப்ராசசர், ஒரு ரேம், வேற எதுவும் வேணாம். அப்ப என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.

எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் திறக்காதீங்க. ப்ளக்க உருவுனதுக்கு அப்பறமும் உள்ள இருக்க பெரிய கெபாசிட்டர்ல அடிக்கற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.

தட்டச்சு:
கிராபிக்ஸ் கார்ட கழட்டுனா டிஸ்ப்ளே எப்படி வரும்?

வயர்மேன்:
ப்ராசசர்ல உள்ளயே கிராபிக்ஸ் இருந்தா போர்டோட பின்பக்க எச்டிஎம்ஐல வரும், இல்லன்னா வராது. இப்போதைக்கு டிஸ்ப்ளே தேவயே இல்ல, ஃபேன் நிக்காம சுத்துனா போதும்.

மொட்டைமாடி:
சுத்துது!! எல்லாத்தையும் உருவிட்டு போட்டேன், ஃபேன் நிக்கவே இல்ல. கிராபிக்ஸ் கார்ட திரும்ப மாட்டுனேன், லோகோ வந்து பயாஸ்குள்ள (போர்டோட செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போகுது, தேதி மட்டும் ஏதோ பழைய வருஷம் காட்டுது. அப்பறம் எஸ்எஸ்டி மாட்டுனேன், அப்பவும் ஓடுது. ஹார்ட் டிஸ்குக்கு பவர் வயர் சொருகி போட்ட உடனே அதே டிக், அரை சுத்து. திரும்ப உருவுனா ஓடுது. அப்ப என் போட்டோவெல்லாம் போச்சா???

வயர்மேன்:
போகல, பதறாதீங்க. நெஜமா சொல்றேன், டிஸ்க் சாகறதுலயே இது கொஞ்சம் நல்ல சாவு.

டிஸ்கோட அடிப்பக்கம் ஒரு பச்ச இல்ல நீல போர்டு இருக்கும். அதுல பவர் வயர் சொருகற இடத்துக்கு பக்கத்துல டிவிஎஸ் டயோடுன்னு கருப்பா ரெண்டு சின்ன சாமான் இருக்கும், பல டிஸ்க்ல 5 வோல்ட்டுக்கு ஒண்ணு 12 வோல்ட்டுக்கு ஒண்ணு. சாதாரணமா அது சும்மா கெடக்கும். வோல்டேஜ் திடீர்னு எகிறுனா அத தரைக்கு திருப்பி விட்டுட்டு, ரொம்ப எகிறுனா தானே ஷார்ட் ஆகி செத்துப்போகும், பின்னாடி இருக்க சிப்பையும் மோட்டரையும் காப்பாத்தறதுக்காக. உங்களுக்கு லைட் பளிச்சுனு எரிஞ்சப்ப அதுதான் நடந்துருக்கணும். அந்த டயோடு ஷார்ட்ல நிக்கறதாலதான் எஸ்எம்பிஎஸ் பயந்து கட் பண்ணுது. உள்ள டேட்டா இருக்க தட்டு, அத படிக்கற ஹெட் எல்லாம் அனேகமா அப்படியே இருக்கும்.

மல்டிமீட்டர் இருக்கா? டிஸ்க வெளிய எடுங்க, எதுலயும் மாட்டாம, மீட்டர கன்டினியுட்டில வைங்க (பீப் அடிக்குமே அது). சாட்டாவுல ரெண்டு வாய் இருக்கும், சின்னது 7 காலு டேட்டா, நீளமானது 15 காலு பவர். டேட்டா வாய்க்கு பக்கத்துல இருந்து எண்ணுனா 4, 5, 6 தரை. 7, 8, 9 வந்து 5 வோல்ட். கடைசி மூணு, 13, 14, 15, அது 12 வோல்ட். தரைக்கும் 5க்கும், தரைக்கும் 12க்கும் வெச்சு பாருங்க. பீப் நிக்காம அடிச்சா அந்த பக்கத்து டயோடு காலி.

தட்டச்சு:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு, அதே மாடல் டிஸ்க் பழசு ஒண்ணு வாங்கி அந்த போர்ட கழட்டி இதுல மாட்டிட்டா போச்சு.

வயர்மேன்:
ரொம்ப பழைய டிஸ்குக்கு அது நடந்துச்சு. இப்ப இருக்கறதுல ஒவ்வொரு டிஸ்கோட ஹெட்டுக்கும் ஏத்த மாதிரி அளவெல்லாம் ஃபேக்டரிலயே எழுதி அந்த போர்டுல ஒரு சின்ன சிப்ல வெச்சிருப்பாங்க. வேற போர்ட மாட்டுனா அளவு பொருந்தாது, டிஸ்க் டிக் டிக்னு அடிக்கும், நல்லா இருந்த ஹெட்டும் கெட்டாலும் கெடும். அந்த சிப்ப எடுத்து புது போர்டுல சால்டர் பண்ணணும். அதுக்கு ஒரு டயோட எடுக்கறது எவ்வளவோ சுலபம்.

நீலத்திரை:
யுஎஸ்பி அடாப்டர் வெச்சு லேப்டாப்ல மாட்டி போட்டோவ எடுத்துக்கலாமே?

வயர்மேன்:
எங்க மாட்டுனாலும் ஷார்ட் ஷார்ட்தான். 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் வேணும், அதுக்கு தனி அடாப்டர் வரும், அந்த அடாப்டர் கட் ஆகும் இல்ல சூடாகி சாகும். டயோட பாக்காம வேற எதுலயும் சொருகாதீங்க.

மொட்டைமாடி:
மீட்டர் கடன் வாங்கி பாத்தேன். 5 பக்கம் பீப் இல்ல. 12 பக்கம் விடாம அடிக்குது. நீங்க சொன்ன மாதிரியே போர்டுல கருப்பா ரெண்டு இருக்கு, ஒண்ணுல மீட்டர் முனைய ரெண்டு பக்கமும் வெச்சா அடிக்குது, இன்னொண்ணுல அடிக்கல. எனக்கு சால்டரிங் வராது, மாமா பையன் மொபைல் போர்டு வேல பாக்கறான், அவன்கிட்ட குடுக்கலாமா?

இன்னொரு பிரச்சன. ஹார்ட் டிஸ்க் இல்லாம எஸ்எஸ்டி மட்டும் வெச்சு ஆன் பண்ணா பூட் டிவைஸ் இல்லன்னு வருது. விண்டோஸ் எஸ்எஸ்டில தானே இருக்கு? பயாஸ்ல எஸ்எஸ்டி பேரு காட்டுது. அதுவும் போச்சா?

நீலத்திரை:
இதுக்கு நான் வரேன் 😄 எஸ்எஸ்டி நல்லாதான் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும்போது ரெண்டு டிஸ்கும் சேந்து மாட்டியிருந்தா, விண்டோஸ எஸ்எஸ்டில போட்டுட்டு, அத எழுப்பி விடற சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன மட்டும் ஹார்ட் டிஸ்க்ல வெச்சிடறதுண்டு, எது டிஸ்க் 0ன்னு இருக்கோ அதுல. இன்ஸ்டால் பண்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஓடிட்டு இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இப்ப ஹார்ட் டிஸ்க உருவுனதும் எழுப்பறதுக்கு ஆள் இல்ல. இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி எஸ்எஸ்டில புதுசா இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டுடலாம், இப்பவே பண்ணிடலாம்.

வயர்மேன்:
பண்ணலாம், ஆனா இப்ப வேணாம்னு நெனைக்கிறேன். டயோட எடுத்தா ஹார்ட் டிஸ்க்ல இருக்க பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷனே திரும்ப வந்துடும், விண்டோஸ் உள்ள போய் நிதானமா செய்யலாம். பதட்டத்துல டிஸ்க்பார்ட் (டிஸ்க பிரிக்கற, அழிக்கற விண்டோஸ் கட்டளை) திறந்து தப்பான டிஸ்க செலக்ட் பண்ணி கிளீன் அடிச்சு மொத்தமும் அழிஞ்சா அப்பறம் அழ வேண்டியதுதான்.

நீலத்திரை:
தப்பான டிஸ்க்னா எது, ஹார்ட் டிஸ்க் தான் வெளிய கெடக்குதே, உள்ள இருக்கறதே ஒண்ணுதான். இப்பதான் சேஃப். சரி, அவங்க விருப்பம்.

வயர்மேன்:
அது சரிதான், ஒத்துக்கறேன். பென்டிரைவும் ஒரு டிஸ்கா லிஸ்ட்ல வரும், அத மட்டும் பாத்துக்கணும்.

@மொட்டைமாடி மொபைல் போர்டு பாக்கறவருன்னா தாராளமா குடுங்க, அவருக்கு இது பொடி வேல. ஷார்ட் ஆன அந்த ஒரு டயோட மட்டும் எடுத்தா போதும், மாத்தி புதுசு போடணும்னு அவசியமில்ல, டயோடு இல்லாம டிஸ்க் ஓடும். பாதுகாப்பு இல்லாம ஓடும், அவ்ளோதான். எடுத்ததுக்கு அப்பறம் 12 பக்கம் இன்னொரு தடவ பீப் பாக்க சொல்லுங்க, அப்பவும் அடிச்சா பின்னாடி சிப்பும் போயிருக்குன்னு அர்த்தம், அப்ப நாமளா எதுவும் பண்ணாம டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்டதான் போகணும்.

முக்கியமா: டிஸ்க திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ்ஸ அளந்துடுங்க. டிஸ்க் இல்லாம கம்ப்யூட்டர் ஓடும்போது, சும்மா தொங்கற பழைய நாலு கால் பவர் வயர்ல, கருப்புக்கும் மஞ்சளுக்கும் 11.4ல இருந்து 12.6க்குள்ள இருக்கணும், கருப்புக்கும் சிவப்புக்கும் 4.75ல இருந்து 5.25க்குள்ள. எகிறுனது எஸ்எம்பிஎஸ் வழியாதான் வந்துருக்கு. அது இன்னும் தப்பான வோல்டேஜ் குடுத்துட்டு இருந்தா, டயோடும் இல்லாத டிஸ்க அதுல மாட்டுனா இந்த தடவ காப்பாத்த யாருமில்ல.

மொட்டைமாடி:
12.1 காட்டுது, 5.05 காட்டுது. ஓகே தானே? டிஸ்க் அவன்கிட்ட போயாச்சு.

வயர்மேன்:
நம்பர் ஓகே. ஆனா மீட்டர் சராசரிதான் காட்டும், நடுவுல குதிக்கறது அதுல தெரியாது. நானா இருந்தா வேற எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி போட்டுதான் காப்பி எடுப்பேன். ஒண்ணு, எஸ்எம்பிஎஸ்ல இருந்து வயர் தனியா கழண்டு வர்ற மாடலா இருந்தா பழைய வயர புது எஸ்எம்பிஎஸ்ல சொருகிடாதீங்க, வாய் ஒரே மாதிரி இருக்கும், கால் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், டிஸ்க் எரியறதுக்கு அதுவே போதும்.

மொட்டைமாடி:
டயோட எடுத்துட்டான், பீப் இல்ல. வேற எஸ்எம்பிஎஸ் அதோட வயரோடயே கெடச்சுது. மாட்டுனேன், டிஸ்க் உய்ய்ய்னு சுத்துச்சு, விண்டோஸ் வந்துச்சு, போட்டோ ஃபோல்டர் எல்லாம் இருக்கு!!! வெளி டிஸ்க்ல காப்பி ஓடிட்டு இருக்கு. கை நடுங்குது. தேதி மட்டும் ஒவ்வொரு தடவயும் பழசுக்கே போகுது.

தட்டச்சு:
அது போர்டுல இருக்க காசு சைஸ் பேட்டரி, சிஆர் 2032, 3 வோல்ட். மாத்துங்க. இது நான் கண்டிப்பா கரெக்ட்டு 😅

நீலத்திரை:
காப்பி முடிஞ்சதும் அந்த டிஸ்க கழட்டி வெச்சிடுவீங்கல்ல, அப்ப திரும்ப பூட் டிவைஸ் இல்லன்னு வரும். அதனால கழட்டறதுக்கு முன்னாடி, விண்டோஸ்க்குள்ள இருந்தே பண்ணுங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எஸ்எஸ்டி மேல ரைட் கிளிக் பண்ணி அத பிரிச்சிருக்கற முறை ஜிபிடி தானான்னு பாருங்க, பழைய முறையான எம்பிஆர்னு இருந்தா நிறுத்திட்டு இங்க சொல்லுங்க. பிட்லாக்கர் (டிஸ்க பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா முதல்ல சஸ்பெண்ட் பண்ணுங்க, 48 இலக்க ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு போன்ல லாகின் பண்ணி பாத்துக்கோங்க. சி டிரைவ 300 எம்பி சுருக்குங்க. அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து டிஸ்க்பார்ட், எஸ்எஸ்டிய செலக்ட் பண்ணி (சைஸ பாத்து, நம்பர பாத்து இல்ல) 260 எம்பில இஎஃப்ஐ பார்ட்டிஷன், ஃபேட் 32ல ஃபார்மட், எஸ்னு எழுத்து குடுங்க. வெளிய வந்து பிசிடிபூட் கட்டளைல சி டிரைவ் விண்டோஸ் ஃபோல்டர குடுத்து, எஸ் டிரைவ்ல எழுத சொல்லி, வகை யுஇஎஃப்ஐன்னு போடுங்க. பூட் ஃபைல்ஸ் உருவாயிடுச்சுன்னு சொல்லும். ஷட் டவுன் பண்ணி, ஹார்ட் டிஸ்க உருவிட்டு ஆன் பண்ணி பாருங்க.

மொட்டைமாடி:
ஜிபிடி தான், பிட்லாக்கர் இல்ல. நீங்க சொன்னபடியே பண்ணேன், எஸ்எஸ்டி மட்டும் வெச்சு விண்டோஸ் வருது. போட்டோ காப்பி முடிஞ்சு நடுநடுவுல கொஞ்சம் திறந்தும் பாத்துட்டேன். அந்த டிஸ்க வேற எதுக்காச்சும் யூஸ் பண்ணலாமா, 2 டிபி ஆச்சே?

வயர்மேன்:
வேணாம். இன்னொரு காப்பி வேற எங்கயாச்சும் எடுக்கற வரைக்கும் பெட்டில வைங்க, டயோட எடுத்தாச்சுன்னு மேல பேனால எழுதி ஒட்டிடுங்க, இல்லன்னா வீட்ல வேற யாராச்சும் எடுத்து மாட்டுவாங்க. அந்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் திரும்ப போடாதீங்க.