டிஸ்லிப்பிடீமியாவுக்கு ‘மிகை’ பொருந்தாது

வணக்கம் அண்ணா,

டிஸ்லிப்பிடீமியாவுக்கு, அதாவது இரத்தத்தில் கொழுப்பு வகைகளின் அளவு பிறழ்வதற்கு, நீங்கள் எழுதிய ‘குருதிக் கொழுப்பு மிகை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கொழுப்பு கூடிப்போகிற ஹைப்பர்லிப்பிடீமியாவுக்குத்தான் சரி. நாங்கள் தமிழாக்குகிற கட்டுரை சலரோகக்காரரின் (நீரிழிவு உள்ளவரின்) இரத்தத்தைப் பற்றியது, அங்கே எல்லாம் கூடுவதில்லையே. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் கொழுப்புக் கலங்களில் இருந்து கொழுப்பமிலங்கள் கட்டுப்பாடில்லாமல் கழன்று ஈரலுக்குப் போகின்றன, ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பாகக் கட்டி இரத்தத்துக்குள் விடுகிறது. அது ஏற ஏற ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எச்டிஎல் இறங்கும். ‘கெட்ட கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எல்டிஎல் பல பேருக்குச் சாதாரண அளவில்தான் நிற்கும், அதன் துணிக்கைகள் மட்டும் சிறுத்து அடர்ந்து போயிருக்கும். திருகோணமலையில் கிளினிக்குக்குப் போகிற ஒருவர் ட்ரைகிளிசரைட் 150 mg/dLக்கு மேலே, எச்டிஎல் 40 mg/dLக்குக் கீழே என்று ரிப்போர்ட்டோடு வந்தால் அதை எப்படி ‘மிகை’ என்பது?

அதனால் ‘கொழுமியப் பிறழ்வு’ என்கிறேன். பள்ளிக்கூடத்தில் ‘இலிப்பிட்டு’ என்று படித்த எங்களுக்குக் ‘கொழுமியம்’ தமிழ்நாட்டுச் சொல் மாதிரித் தெரியும், மூதூர்த் தம்பி கட்டாயம் முறுக்குவார். ‘இலிப்பிட்டுப் பிறழ்வு’ என்றாலும் எனக்குச் சம்மதம், நாக்குக் கொஞ்சம் சிக்கும், அவ்வளவுதான். வெறும் ‘கொழுப்பு’ மட்டும் வேண்டாம். உடம்பில் வைத்த கொழுப்பென்று நினைப்பார்கள், ஒல்லியான சலரோகக்காரருக்கும் இது வருகிறது.

அப்புறம் ‘எக்ஸ்ட்ராக்ட்’, கட்டுரையில் செடிகளில் இருந்து பிரித்தெடுத்ததைக் குறிக்கும் சொல். இதைத்தான் நான் விடமாட்டேன். ‘சாறு’ என்று போட்டால் நிலாவெளியில் ஒரு அம்மா பாகற்காயை அடித்துப் பிழிந்து குடிப்பார். கட்டுரையில் இருப்பதோ காயவைத்து இடித்து, எதனோலில் (மதுசாரத்தில்) ஊறவைத்து, வடித்து, எதனோலை ஆவியாக்கி எடுத்த பசை. அதையும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற இரசாயனத்தின் ஊசியால் சலரோகம் வரவழைத்த எலிகளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். சித்த வைத்தியர்களின் ‘குடிநீர்’ கஷாயத்துக்கு உரியது, அதுவும் சரிவராது. வெந்தயத்தையே பாருங்கள்: வித்தில் உள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற, புதுப் பித்தம் செய்ய ஈரல் கொலஸ்ட்ரோலைச் செலவழிக்கிறது, ஆனால் அந்த நார் எதனோலில் கரையாது. எதனோலில் எடுத்ததற்குக் கிடைத்த முடிவை வெந்தயத் தூளுக்கு ஏற்றிவிட முடியுமா? நான் ‘பிரிசாறு’ என்று போட்டிருக்கிறேன். ‘எதனோல் பிரிசாறு’, ‘நீர்ப் பிரிசாறு’ என்று கரைப்பானோடு சேர்த்தே எழுதவேண்டும். கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், பழைய சொல் ஏதும் புழக்கத்தில் உண்டா என்று சொல்லுங்கள்.

இரத்தக் கொழுப்பைக் குறைப்பது என்ற பொருளில் வரும் ‘ஹைப்போலிப்பிடெமிக்’குக்கு ‘கொழுமிய இறக்கி’ போதும். எச்டிஎல்லை ஏற்றியதாக வருகிற பந்திகளில் மட்டும் ‘சீராக்கி’ என்று மாற்றியிருக்கிறேன், அங்கே ‘இறக்கி’ என்றால் வாசிக்கிறவர் குழம்பிப்போவார்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் சொற்பட்டியலில் ஏற்றிவிடுவேன்.