ரியாத் போனதும் லென்ஸ் உறுத்துதா? ஊரிலிருந்து கிளம்புற பிள்ளைகளுக்கு

லீவுக்குக் கீழக்கரை வந்திருக்கேன். காலையில் 7 மணிக்குப் போட்ட காண்டாக்ட் லென்ஸ், ராத்திரி இஷா பாங்கு சொல்ற வரைக்கும் கண்ணில் இருக்கிறதே தெரியல. இதே லென்ஸ் ரியாத்தில் மத்தியானம் 2 மணிக்கெல்லாம் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். லென்ஸும் மாறல, கண்ணும் மாறல. காத்துதான் வேற.

நம்ம கரையில் அப்பளம் பொரிச்சு வச்சா கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகும், உப்பு ஜாடி கசிஞ்சு நிக்கும். ரியாத்தில் ஈரத்துண்டை அறைக்குள்ளே போட்டாலே மொறமொறன்னு காஞ்சிடும். கோடையில் அங்கே காத்தோட ஈரப்பதம் 10 சதவீதம் அளவுக்கு இறங்கும். சாஃப்ட் லென்ஸில் ஏறக்குறைய பாதி தண்ணிதான். ஒருதடவை கைதவறி வாஷ்பேசின் ஓரத்தில் ஒண்ணு விழுந்து, மறுநாள்தான் கிடைச்சது. ஓரம் கூராகி, சுருண்டு, அம்மியில் ஒட்டிக் காஞ்ச மீன் செதில் மாதிரி இருந்துச்சு. கண்ணுக்குள்ளே அந்த அளவுக்குக் காயாது. ஆனா வறண்ட காத்துல மேல்பரப்பு ஈரம் இழந்துகிட்டே இருக்கும், இமை மூடித் திறக்கும்போதெல்லாம் அதில் உரசும்.

லாத்தா (அக்கா) மகள் அடுத்த வாரம் ரியாத் கிளம்புறா. "சாச்சி, 6 மாசத்துக்கு மாதாந்திர லென்ஸ் வாங்கி வச்சிட்டேன்"னு பெட்டியைத் திறந்து காட்டினா. அவகிட்ட சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுறேன்.

அவ்வளவு லென்ஸை முன்னாடியே வாங்காதீங்க. ஊர்க் காத்துல ஒத்துக்கிட்டது அங்கே ஒத்துக்கணும்னு இல்லை. தினமும் போட்டுத் தூக்கி எறியிற லென்ஸ் செலவு கூடுதல்தான், ஆனா அழுக்கு படியிறதுக்குள்ளே மாத்திடுறோம், டப்பா கழுவுற வேலையும் இல்லை. வறண்ட ஊருக்கு நான் முதல்ல சொல்றது அதைத்தான். தண்ணி அதிகமா இருக்கிற லென்ஸ்தான் நல்லதுன்னு தோணும். வறண்ட காத்துல அந்த வகைதான் பெரும்பாலும் சீக்கிரம் ஈரத்தை இழக்கும். சிலிக்கான் ஹைட்ரோஜெல்னு ஒரு சாஃப்ட் லென்ஸ் வகை இருக்கு, அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. லென்ஸ் சீட்டில் பவர் மட்டுமில்லாம லென்ஸோட வளைவு, விட்டம் ரெண்டும் இருக்கணும். கண்ணாடிச் சீட்டு மட்டும் போதாது.

விமானத்தில் கண்ணாடி போட்டுக்கோங்க. உள்ளே காத்தோட ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான், தூக்கமும் வரும்.

போன பிறகு பெரிய எதிரி ஏசி. ஜித்தா, தம்மாம் போறவங்க "அங்கே கடல் இருக்கே"ன்னு இருந்துடாதீங்க. ஏசி குழாயிலிருந்து சொட்டுற தண்ணி, அறைக் காத்திலிருந்து பிழிஞ்சு எடுத்த ஈரம்தான். கார்ல ஏசிக் காத்து நேரா முகத்தில் அடிக்காம திருப்பி விடுங்க. கம்ப்யூட்டர் பார்க்கும்போது கண் சிமிட்டுறதே பாதியாக் குறைஞ்சிடும். சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை சிமிட்டுற கண் அது. நான் 20 நிமிஷத்துக்கு ஒருதரம் தூரப் பார்த்து, இமையை முழுசா மூடி மூடித் திறப்பேன். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கழட்டிட்டுக் கண்ணாடிக்கு மாறிடுவேன்.

சொட்டு மருந்து வாங்குனா, பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத, லென்ஸுக்கு மேலேயே விடலாம்னு எழுதியிருக்கிற கண்ணீர்ச் சொட்டா பார்த்து வாங்குங்க. சாதாரணப் பாட்டில் மருந்தில் இருக்கிற ரசாயனத்தை சாஃப்ட் லென்ஸ் உறிஞ்சி வச்சுக்கும்.

ஒளு செய்யும்போது (தொழுகைக்கு முன்னாடி முகம், கை, கால் கழுவும்போது) லென்ஸோட இருந்தா கண்ணை நல்லா மூடிக்கோங்க. குழாய்த் தண்ணியில், தொட்டித் தண்ணியில் அகாந்தமீபான்னு ஒரு உயிரி இருக்கலாம். லென்ஸ் போட்ட கண்ணில் புகுந்தா கருவிழியையே அரிச்சுடும். டப்பாவைக் குழாயில் கழுவவே கூடாது. லென்ஸுக்குன்னு விக்கிற சொல்யூஷனாலேயே கழுவி, கவிழ்த்துக் காயவச்சு, 3 மாசத்துக்குள்ளே மாத்திடுங்க. டப்பாவில் இருக்கிற பழைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊத்தாதீங்க. லென்ஸ் போடுற நாளில் கண்ணில் இடுற சுருமா வேண்டாம். தூள் லென்ஸுக்கு அடியில் போய் உட்காரும், சில சுருமாவில் ஈயமும் இருக்கு.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரியாத் போன ரெண்டாவது வருஷம், புழுதிக்காத்து அடிச்ச ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து லென்ஸோடயே தூங்கிட்டேன். சுபுஹுக்கு எழுந்தா ஒரு கண் திறக்கல, லைட் போட்டா குத்துச்சு, தண்ணி ஊத்துச்சு. கூட இருந்த பிள்ளை ஊரிலிருந்து கொண்டுவந்த சொட்டை விட்டோம். சிவப்பு அடங்குச்சு. சரியாப்போச்சுன்னு ரெண்டு நாள் விட்டுட்டேன். மூணாம் நாள் எதிரே இருக்கிற முகம் புகைமூட்டமாத் தெரிஞ்சப்போதான் டாக்டர்கிட்ட ஓடினேன். கருவிழியில் புண். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்திருக்கு. மேலே சிவப்பைக் குறைச்சுட்டு, உள்ளே கிருமிக்கு இடம் கொடுத்துடுச்சு. பார்வை தப்பிச்சது, அல்ஹம்துலில்லாஹ். கருவிழி ஓரத்தில் வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கு.

சும்மா உறுத்தினா லென்ஸைக் கழட்டுங்க. கழட்டியும் வலி, சிவப்பு, வெளிச்சத்துக்குக் கூச்சம், பார்வை மங்கல், இதில் எது இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர். லீவு கிடைக்கல, இன்சூரன்ஸ் கார்டு வரலன்னு தள்ளிப்போடாதீங்க பிள்ளைகளா. கழட்டின லென்ஸையும் டப்பாவையும் கையோட கொண்டுபோனா, என்ன கிருமின்னு பார்க்க உதவும்.

லாத்தா மகள் 4 டப்பா லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போயிருக்கா. கண்ணாடியைப் பெரிய பெட்டிக்குள்ளே வச்சிருந்தா, நான் எடுத்து அவ கைப்பையில் போட்டுட்டேன்.