முந்நிரைக் கலமும் கலமேறு காலாளும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைக் கிரேக்கர் 'திரியேரிஸ்' என்றும் உரோமர் 'திரிரேமிஸ்' என்றும் அழைத்த போர்க்கலத்துக்கு 'மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல்' என்ற பெயர் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளது. அதற்கும், அக்கலத்தின் மேல்தளத்தில் இருந்த படையினருக்கும் ஏற்ற தமிழ்ப் பெயர்கள் பற்றியே இங்கு எழுதுகிறேன். அந்த ஒரு கலத்தை மட்டும் கருதினால் இப்பெயரில் பிழையில்லை. ஏதென்சின் கலத்தில் மேல்மட்டத்தில் 62 பேரும், நடுமட்டத்திலும் கீழ்மட்டத்திலும் 54 பேர் வீதமுமாக 170 பேர் அமர்ந்து, ஆளுக்கு ஒரு தண்டு (நீண்ட துடுப்பு) வலித்தனர். ஆனால் ஒரு கலைச்சொல் தனித்து நிற்பதில்லை; அதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் சொற்களுக்கும் அதுவே அச்சாக அமைகிறது. உரோமரும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசினரும் கையாண்ட 'குயின்குவெரேமிஸ்' என்ற பெரிய கலத்தை இதே அச்சில் வார்த்தால் 'ஐந்தடுக்குக் கப்பல்' என்றாகிவிடும். ஐந்து மட்டங்களில் தண்டு வலித்த கலம் எதுவும் இருந்ததற்குச் சான்று இல்லை. மேல்மட்டத் தண்டுக்கு இருவர், நடுமட்டத் தண்டுக்கு இருவர், கீழ்மட்டத் தண்டுக்கு ஒருவர் என ஐவர் சேர்ந்ததாலேயே அந்த எண் வந்தது என்பதுதான் ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். ஆகவே பெயரில் உள்ள எண் அடுக்குகளைக் குறிப்பதன்று. கலத்தின் ஒரு பக்கத்தில் முன்னிருந்து பின்னாக நீளும் ஆள்வரிசைகளையே குறிக்கிறது.

இக்காரணத்தால் 'அடுக்கு' என்பதை விடுத்து 'நிரை' என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறேன். முந்நூறு, ஐந்நூறு என்பவற்றைப் போலவே முந்நிரைக் கலம், ஐந்நிரைக் கலம் என்று சொற்கள் இயல்பாகப் புணர்ந்து நிற்கும். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும் ஒன்றன்பக்கம் ஒன்றாக இருந்தாலும் பொருள் பிழைபடாது. நிரை என்றால் ஆநிரைதானே நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். 'நிரைநிரையாக' என்று வழங்கும் மொழியில் அத்தயக்கம் நீடிக்காது என்பது என் துணிபு.

'முத்தண்டுக் கலம்' என்ற மாற்றையும் எண்ணிப் பார்த்தேன். பக்கக் கட்டையில் பிணைத்து வலிப்பதற்குத் தண்டு என்பது துடுப்பைவிடப் பொருத்தமான சொல். 'தண்டு வலித்தல்' என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. எனினும் தண்டு என்பது படையையும் குறிக்கும். போர்க்கலத்தின் பெயரிலேயே அந்த மயக்கம் நேர்வது நல்லதன்று. தவிர, ஐந்நிரைக் கலத்தில் மேல்கீழாக அமைந்த ஒரு தொகுதியில் ஐந்து தண்டுகள் இருந்ததில்லை, ஐந்து ஆட்களே இருந்தனர். 'நாவாய்' என்று முடிக்கலாம் என்ற கருத்துக்கும் நான் உடன்படவில்லை. 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று புறநானூறு பாடும்போது அங்கே காற்றே கலத்தைச் செலுத்துகிறது. கிரேக்கக் கலத்திலும் பாய் இருந்தது. ஆனால் போரில் அதை இயக்கியது மனிதத் தோள்வலியே. பொதுச்சொல்லான 'கலம்' இங்கே போதும்.

இனிக் கலத்தின் மேல்தளத்தில் இருந்த படையினருக்கு வருவோம். கிரேக்கர் அவர்களை 'எபிபாத்தாய்' என்றனர். 'மேலே ஏறியவர்' என்பது அதன் நேர்ப்பொருள். 'கடற்படை வீரர்' என்ற பெயர் இவர்களுக்குப் பொருந்தாது. தண்டு வலித்தவனும் சுக்கான் பிடித்தவனும் கடற்படையினரே. இவர்களோ கேடயமும் ஈட்டியும் தாங்கிய தரைப்படைக் காலாட்கள். ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பனீசியப் போர்க்காலத்தில் ஏதென்சின் கலம் ஒன்றில் இருந்த ஏறத்தாழ 200 பேரில் இவர்கள் பத்துப் பேர் மட்டுமே. வில்லாளர் நால்வர் தனியே எண்ணப்பட்டனர். கி.மு. 426இல் ஏதென்சுத் தளபதி தெமொஸ்தெனிஸ் தன் கலங்களிலிருந்து இவர்களில் 300 பேரை இறக்கி ஏத்தோலிய மலைநாட்டுக்குள் நடத்திச் சென்றபோது, ஏறத்தாழ 120 பேர் அங்கே மடிந்தனர். கடலை விட்டு மலையில் போரிடச் சென்றவர்களையும் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் அதே பெயராலேயே குறிக்கிறார். ஆகவே நம் சொல்லில் கடல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கலமும் ஏறுதலும் இருக்க வேண்டும்.

'தளத்தில் நிற்போர்' என்ற பொருளில் அமைந்த சொல்லையும் நான் விலக்குவேன். மேல்தளத்தில் ஆட்கள் நடமாடினால் கலம் சாய்ந்து தண்டுகளின் ஒழுங்கு கெடும்; ஆகவே அமர்ந்தபடியே எறியீட்டி வீசப் பழகியிருக்க வேண்டும். சிசிலித் தீவின் சிரக்கூசாவில் நடந்த போரில் அப்பழக்கம் இல்லாத தரைவீரர்களை ஏதென்சினர் ஏற்றியதை எதிர்த்தரப்பின் ஸ்பார்ட்டாத் தளபதி கிலிப்பொஸ் அவர்களின் பலவீனமாகவே சுட்டிக்காட்டினான்.

எனவே நான் முன்வைப்பது 'கலமேறு காலாள்'. தம் கலத்தில் ஏறுவதையும், வாய்ப்பு நேர்ந்தால் பகைவர் கலத்தில் பாய்ந்தேறுவதையும் 'ஏறு' ஒருங்கே குறிக்கும். 'காலாள்' என்றதால் வில்லாளர் தாமாகவே விலகுவர். இச்சொல் எண்ணிக்கையோடும் கட்டுப்படாது. கி.மு. 494இல் பாரசீகருக்கு எதிரான லாதே கடற்போரில் கீயோசு என்ற கிரேக்கத் தீவின் கலம் ஒவ்வொன்றிலும் நாற்பதின்மர் இருந்தனர், கி.மு. 256இல் கார்த்தேசினருக்கு எதிரான எக்னொமொஸ் கடற்போரில் உரோமரின் கலம் ஒவ்வொன்றிலும் தண்டு வலிப்போர் 300 பேரும் வீரர் 120 பேரும் இருந்ததாக வரலாற்றாசிரியர் பொலிபியொஸ் கூறுகிறார். மோதிப் பிளக்கும் வெண்கல முனையை நம்பியவர்கள் காலாட்களைக் குறைத்தனர். பற்றி ஏறிப் போரிட விரும்பியவர்கள் பெருக்கினர். 'கலமேறு காலாள் மிகுந்த முந்நிரைக் கலம்' என்று எழுதினால் இந்தப் போர்முறை வேறுபாடு ஒரே தொடரில் தெளிவாகிவிடும்.

ஓர் இடர் எஞ்சியுள்ளது. நான்கு நிரைக் கலத்துக்கு விதிப்படி 'நானிரை' என்று புணர்க்க வேண்டும். ஆனால் படிப்பவர் அதை நான், இரை என்று பிரித்துவிடுவர். அங்கே மட்டும் புணர்ச்சியைத் தவிர்த்து 'நால்நிரை' என்று எழுதலாமா என்பதை இலக்கணம் வல்லவர்கள் சொல்ல வேண்டும்.